இறுக்கிக் கட்டிய ஒயர்

பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றிய பிள்ளைகள் நம் வயதில் இன்னும் கொஞ்சம் பேர் மிச்சமிருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொன்னால், பிள்ளையை டேங்கில் உட்கார வைப்பார்களா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவே எனக்கு இப்போது தெம்பில்லை.

விழுப்புரத்தில் நான் குடியிருக்கும் தெருவில் வண்டி இல்லாத வீடு கிடையாது. பையன்கள் விளக்குக்கு மேல் விளக்காக மாட்டி, ஒயரை இழுத்து இழுத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலியோடு காய் வாங்கப் போகும்போது ஒவ்வொரு வண்டியின் கழுத்தையும் பார்த்துக்கொண்டே போகிறேன். கழுத்து என்றால் ஹேண்டில் திரும்புகிற இடம். கீழேயிருந்து வருகிற ஒயரெல்லாம் அந்த வழியாகத்தான் முன்விளக்குக்கும் சாவிக்கும் ஏற வேண்டும். இந்தக் கிழவி எதற்கு வண்டியை முறைக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் மில்லில் மேஸ்திரி. மூட்டை தைப்பதும் ஏற்றுவதும் அவர் பார்வையில் நடக்கும். அம்மா அரசாங்க கிராம நர்ஸ். ஒலக்கூரைத் தாண்டி உள்ளே உள்ளே இருந்த சில ஊர்கள் அவள் பொறுப்பு. பஸ் இறங்கி நடந்தே அவள் கால் வெடித்துப்போனதைப் பார்த்துத்தான் அப்பா அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். பழைய வண்டி, கறுப்பு நிறம். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். அம்மாவுக்காக வாங்கியதுதான். பிறகு என்னென்னவோ பேசினாலும், வாங்கியது அவளுக்காக.

டேங்கில் உட்கார்ந்தால் என்ஜின் சூடு தொடைக்கு ஏறும். மூடியோரத்துப் பெட்ரோல் வாசனை பாவாடையில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வரும். முன்விளக்கின் நிக்கல் கூட்டில் என் முகம் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். அப்பாவின் தாடை என் உச்சந்தலையில் இடிக்கும். பின்னால் அம்மா, மடியில் மருந்துப் பையோடு, ஒருக்களித்து உட்கார்ந்திருப்பாள்.

அப்பாவுக்கு எதுவும் தொங்கக் கூடாது. மூட்டையின் வாய் பிதுங்கக் கூடாது, கொடியில் துணி தழையக் கூடாது. அம்மா டெலிவரிக்குப் போன நாட்களில் அவர்தான் எனக்குத் தலை பின்னுவார். கண் மேலே இழுத்துக்கொள்ளும். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு இன்னொரு ஹாரனும், பிரேக் பிடித்தால் எரிகிற சிவப்பு விளக்கும் மாட்டினார். ஒயர்கள் கூடிப்போயின. அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, தார் வாசனை அடிக்கும் கறுப்பு டேப்பால் வண்டியின் இரும்போடு வைத்துச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். மூட்டை கட்டுகிற கை அல்லவா. ஒரு இழை அசையவில்லை. தெருவில் பார்த்தவர்கள் "கம்பெனிலயே கூட இப்படி கட்ட மாட்டான்" என்றார்கள். அப்பா அன்றைக்கு முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் வண்டி நிற்கத் தொடங்கியது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்துவிடும். கொஞ்சம் தள்ளினால் உயிர் வரும். மெக்கானிக் ஒருமுறை பிளக்கை மாற்றினார். ஒருமுறை பேட்டரி போச்சு என்றார். இன்னொரு முறை, "தண்ணி பூந்திருக்கும்ண்ணா, மழைல எல்லா வண்டியும் இப்படித்தான்" என்று துடைத்துக் கொடுத்தார். அவர் பட்டறையில் வண்டி எப்போதும் நேராக ஸ்டாண்டில்தான் நிற்கும். ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று அப்பா சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுருட்டி அந்த இடத்தில் செருகினார். பிறகு ஃபியூஸ் போகவில்லை. அதை ஒரு வெற்றியாகவே நினைத்தோம்.

கெடாரிலிருந்து வந்திருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, திருஷ்டி என்று சொல்லி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து ஹேண்டிலில் கட்டினாள். கட்டிக்கொண்டே, "பொண்டாட்டிய பின்னாடி ஏத்திக்கினு ஊரு ஊரா சுத்தறதுக்காடா வண்டி வாங்குன? அவளுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றாள்.

அது அப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மழையில் வண்டி தள்ளி, ராத்திரி பகல் பாராமல் அம்மாவைக் கொண்டுபோய் விட்டு, காலையில் மில்லுக்கு ஓடி, அவரும் சோர்ந்துபோயிருந்தார். "வேலைய வுட்டுடேன்" என்பது சோறு போடுகிற நேரத்துப் பேச்சாகிவிட்டது. அம்மா கேட்காத மாதிரி ரசம் ஊற்றுவாள்.

ஒரு லீவு நாள். காலையிலிருந்தே மழை. அப்பா, "இன்னிக்கு ஒரு நாளாச்சும் வூட்ல இரு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு பேப்பர் படித்தார். மதியம் அம்மாவின் பொறுப்பிலிருந்த ஊர் ஒன்றிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். அவர் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது. "கொழந்த கால் தெரியுதுன்றாங்க நர்ஸம்மா. ஜல்தி வாங்க."

அம்மா பையை எடுத்தாள். அப்பா சாவியை எடுத்தார். வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நானும் டேங்கில் ஏறினேன்.

மெயின் ரோட்டில் வண்டி நன்றாகவே ஓடியது. ஊருக்குப் போகிற மண்ரோடு ஏரிக்கரைமேல் ஏறுகிற இடத்தில் வலப்பக்கம் ஒரு ஒடிப்பு. அப்பா ஹேண்டிலைத் திருப்பினார். வண்டி நின்றது.

மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார். கண்ணில் மழைத்தண்ணீர் இறங்கியது. அம்மா கீழே இறங்கி நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்து, கரைமேல் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள். வழுக்கி ஒருமுறை உட்கார்ந்தாள். எழுந்து மறுபடி போனாள்.

அவள் பாதிக்கரை போயிருப்பாள். அப்பா வண்டியை ரோட்டுப்பக்கம் நேராக இழுத்து நிறுத்தி மிதித்தார். ஒரே மிதியில் கிளம்பிவிட்டது. "ஏறு பாப்பா, அம்மாவ புடிச்சிடலாம்" என்று என்னைத் தூக்கி வைத்தார். கரைமேல் ஏற ஹேண்டிலை ஒடித்தார். செத்துவிட்டது. நேராக்கினார், வந்தது. ஒடித்தார், போனது. தூரத்தில் அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மழையில் முகம் தெரியவில்லை.

சாயங்காலம் வரை நாங்கள் கூட்டுரோட்டு டீக்கடைக் கூரையடியில் நின்றோம். அம்மா திரும்பி வரும்போது சேலைக் கரையெல்லாம் சேறு. சேறு மட்டுமில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். பிள்ளை தலை சிக்கிக்கொண்டு போய்விட்டது. தாய் பிழைத்தாள். கொஞ்சம் முன்னாடி போயிருந்தால் எடுத்திருப்பேன் என்று அம்மா சொன்னாள். எங்களிடம் சொல்லவில்லை, டீக்கடைப் பலகையிடம் சொன்னாள்.

அப்பா வண்டியை மிதித்தார். உடனே கிளம்பியது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் விளக்கு வைத்ததும் கேட்டாள்.

"நான் ஏறினா நிக்குது, எறங்கினா ஓடுது. வேணும்னுதான நிறுத்துனீங்க?"

"இன்னா பேசற நீ? நான் இன்னாத்துக்கு நிறுத்தப் போறேன்?"

"காலைல இன்னா சொன்னீங்க? வூட்ல இருன்னு சொன்னீங்க இல்ல? கரைமேல போறேன், பின்னாடி வண்டி சத்தம் கேக்குது. நான் போனதும் எப்படி ஸ்டார்ட் ஆச்சு?"

அப்பாவுக்கே தெரியாத ஒன்றை அவர் எப்படிச் சொல்வார்? நான் பக்கத்தில்தான் இருந்தேன். "நெசமாத்தாம்மா, ஓடுச்சு, நின்னுச்சு, ஓடுச்சு, நின்னுச்சு" என்றேன். அதுவும் அம்மாவின் காதில் அப்பாவுக்கு எதிரான சாட்சியாகவே விழுந்தது.

ஊரில் நர்ஸம்மா நேரத்துக்கு வரவில்லை என்று பேச்சாகிவிட்டது. மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். அம்மா விளக்கம் ஒன்றும் எழுதாமல் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். வேலையையே விட்டுவிடப் போகிறேன் என்றாள். கேள்விப்பட்டு வந்த அத்தை, "நல்லதா போச்சு, வூட்டப் பாரு" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். அப்பா கேட்டது அப்பாவுக்குக் கிடைத்துவிட்டது. அவர் சைக்கிளில் மில்லுக்குப் போய்விட்டு வந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வண்டி வாசலில் கோணிச்சாக்கு போர்த்தி நின்றது. மழையும் விடவில்லை. வீடு முழுக்க ஈரத்துணி நாற்றம். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தோள் வலிக்கிறது. பெரியவர்கள் பேசாத வீட்டில் இருப்பது அத்தனை பாரமான வேலை என்று நமக்கு அப்போது சொல்லத் தெரியாது, இல்லையா?

ஒரு மதியம் மழை விட்டிருந்தது. நான் சாக்கைத் தள்ளிவிட்டு வண்டிமேல் ஏறி பஸ் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தேன். சாவி ஆணியில்தான் மாட்டியிருக்கும், அதை எடுத்துப் போட்டுத் திருகியிருந்தேன். ஹாரனை அமுக்கிக்கொண்டே ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். பீ என்று அடித்தது. வலப்பக்கம் திருப்பினால் நின்றது. திரும்ப அடித்தது.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இன்னொரு தபா திருப்பு."

திருப்பினேன். சத்தம் அறுந்தது.

"நேரா வை." அடித்தது. "திருப்பு." நின்றது.

அவள் மருந்துப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். வண்டியின் கழுத்தில் அப்பா சுற்றிய டேப்பைச் சுற்றுச் சுற்றாக வெட்டிப் பிரித்தாள். ஒயர்களை ஒவ்வொன்றாக விரல் நடுவே வைத்து உருட்டிக்கொண்டே மேலே போனாள். ஊசி போடுவதற்கு முன் கையில் நரம்பு தேடுவாளே, அதே மாதிரி. ஒரு இடத்தில் விரல் நின்றது. மேலே சிவப்பு ரப்பர் கிழியாமல் புதுசு மாதிரி இருந்தது. ஆனால் அந்த இடம் மட்டும் துவண்டு மடங்கியது. கீறிப் பார்த்தாள். உள்ளே செம்புக்கம்பிகள் அறுந்து, நுனியில் பச்சை பூத்திருந்தது. ஏதோ ஒரு இழை மட்டும் தொட்டும் தொடாமலும்.

கையில் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வரும்வரை எழுந்திருக்கவில்லை. உலை வைக்கவுமில்லை.

அப்பா சைக்கிளை நிறுத்தியதும் வண்டியின் கழுத்தைக் காட்டிக் கேட்டாள். "இத யாரு கட்டினது?"

"நான்தான். ஏன்? தொங்கிக்கினு இருந்துச்சு, இறுக்கிக் கட்டினேன்."

"ஹேண்டில திருப்புங்க."

திருப்பினார். மிச்சமிருந்த கட்டுக்கும் விளக்குக்கும் நடுவே ஒயர் கம்பி மாதிரி விறைத்தது. ஒவ்வொரு தெருமுனையிலும், ஒவ்வொரு வளைவிலும் அது அப்படித்தான் இழுபட்டிருக்கிறது. அவர் நேராக வைத்தார். மறுபடி திருப்பினார். அம்மா கீறி வைத்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப நான் வேணும்னு நிறுத்தல" என்றார். குரலில் முதலில் ஒரு தெம்பு வந்தது.

"இல்ல" என்றாள் அம்மா.

அவர் ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றார். "ஆனா நான்தான்" என்றார்.

அம்மா உலை வைக்க உள்ளே போனாள். வீண்பழி சுமந்தபோது அப்பாவுக்குக் கோபமாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் போய்விட்டது. இதை நான் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குடும்பம் நடத்தி முடிய வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை வண்டியில் போட்ட கட்டு எல்லாவற்றையும் அவிழ்த்தார். டேப் பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். சீட்டுக்கு அடியில் இரும்பு விளிம்பில் உரசி இன்னொரு ஒயர் தோலுரிந்திருந்தது. வெள்ளித்தாளைப் பிடுங்கிப் பார்த்தார். அதைச் சுற்றிக் கருகியிருந்தது. நான் உட்காரும் டேங்குக்கு எவ்வளவு பக்கம் என்று அவர் கண்ணால் அளந்ததை நான் பார்த்தேன். அதைத் தூர வீசிவிட்டு, கடைக்குப் போய் சரியான ஃபியூஸ் வாங்கி வந்தார்.

மெக்கானிக்கைக் கூட்டி வந்து கழுத்தில் புது ஒயர் வைத்துப் பற்றவைத்தார்கள். அவர் கட்டப் போனபோது அம்மா தடுத்தாள். "இருங்க. மொதல்ல ரெண்டு பக்கமும் முழுசா திருப்புங்க. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒயரு கொஞ்சம் தொளதொளன்னு இருக்கணும். அப்புறம் கட்டுங்க." குளுக்கோஸ் ஏற்றுகிற பழைய ரப்பர் குழாயைக் கொண்டுவந்து நீளவாக்கில் கீறி, உரசுகிற இடங்களில் ஒயர்மேல் உறையாகப் போட்டாள். பேட்டரி முனையில் பச்சை பூக்காமலிருக்க வாஸ்லின் தடவினாள். ஒயர் கழுத்தருகே லேசாகத் தொங்கியது. அப்பாவின் கை அதைத் தொட்டுத் தொட்டுத் திரும்பி வந்தது. ஆனால் இறுக்கவில்லை.

மறுநாள், "அந்த ஊருக்குப் போலாம்" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"சொல்லணும்."

என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். கரைமேல் ஒடிக்கிற இடத்தில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்திருந்தோம் என்று நினைக்கிறேன். வண்டி நிற்காமல் ஏறியது. அதற்கு யாரும் சந்தோஷப்படவில்லை.

கூரை வீடு. உள்ளே வாடிய மல்லிகைப்பூ வாசனை. பிள்ளையை இழந்த அந்த அக்கா தலையில் பூ இல்லை. பூவை ஏன் மார்பில் வைத்துக் கட்டியிருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. குடிக்கப் பிள்ளை இல்லாத பாலை வற்ற வைக்கத்தான் என்று ரொம்ப நாள் கழித்து அம்மா சொன்னாள்.

அப்பா வாசலிலேயே நின்றார். அந்த அக்காவின் புருஷன் முக்காலியை நகர்த்திப் போட்டும் உட்காரவில்லை.

"அன்னிக்கு நர்ஸம்மா மேல தப்பில்லம்மா. வண்டி நின்னுடுச்சு. ஒயர நான்தான் இறுக்கிக் கட்டினேன். திரும்பும்போதெல்லாம் இழுத்து இழுத்து உள்ள அறுந்துடுச்சு. எனக்குத் தெரியல."

"ஒயரா?" என்றாள் அந்த அக்கா.

"ஒயருதாம்மா."

"ஒயரு மேல கோவப்பட்டு நான் இன்னா பண்றது?" என்றாள். அப்புறம் அம்மாவிடம் திரும்பினாள். "அடுத்த தபா மாசம் ஆனதும் நான் உங்க வூட்டாண்டயே வந்துடறேன் நர்ஸம்மா. மழ, வண்டி, ஒண்ணையும் நம்ப வேணாம். எடம் குடுப்பீங்களா?"

"வா" என்றாள் அம்மா.

அடுத்த வாரம் அவள் வேலைக்குத் திரும்பினாள். அப்பா பின்னால் ஒருநாளும் வேலையை விடு என்று சொல்லவில்லை. அவள் ரிடையர் ஆகும்வரை முதுகு வலியோடு அலைந்தாள். விட்டிருக்கலாமோ என்று அவளே சில நாள் சொன்னதுண்டு.

அந்த அக்கா சொன்னபடியே வந்தாள். ஒரு துணிமூட்டையும் ஒரு சின்னப் பை நிறைய மல்லாட்டையும் கொண்டு வந்தாள். நிறைமாத வயிற்றோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டாள். செய்தி கேட்டு வந்த அத்தை, "யாரு எவருன்னு பாக்காம அந்தப் பக்கத்து சனத்த வூட்டுக்குள்ள வச்சிக்கினு இருக்கியா?" என்று வாசலில் நின்றே கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். அப்புறம் ரொம்ப நாள் வரவில்லை. அப்பா தன் கயிற்றுக் கட்டிலை அந்த அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வெறும் தரையில் படுத்தார். அவளிடம் அதிகம் பேசமாட்டார். மில்லிலிருந்து வரும்போது அவளுக்கென்று பொட்டலத்தில் ஏதாவது வாங்கி வந்து அம்மா கையில் கொடுப்பார்.

திண்டிவனம் பெரியாஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. அம்மா கூடவே இருந்தாள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று காலையில் அப்பா வண்டியைக் கழுவித் துடைத்து ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பி ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அக்கா பிள்ளையோடு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"பஸ்ஸுலயே போறேண்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள்.

"சரிம்மா" என்றார் அப்பா.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவளுடைய துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். ஒலக்கூர் வழியாகப் போகிற பஸ் வந்ததும் கூட்டத்துக்குள் முண்டி, ஜன்னல் வழியாகத் தோளிலிருந்த துண்டைப் போட்டு இடம் பிடித்தார். அந்த அக்கா ஏறி உட்கார்ந்தாள். காற்று அடித்ததோ என்னவோ, அந்தத் துண்டையே எடுத்து மடித்துப் பிள்ளையின் தலையைச் சுற்றி மூடிக்கொண்டாள். பஸ் நகர்ந்தது. அப்பா வெறுந்தோளோடு நின்றார். துண்டை அவர் திரும்பக் கேட்கவில்லை.